வாசல் தெளித்த சனிக்கிழமை

நவம்பர் 3, ஞாயிறு

மொழி வகுப்பு டீச்சர் தினமும் ஜெர்மனில் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எழுதினால் 'நான் எழுந்தேன். நான் காப்பி குடித்தேன். மழை பெய்கிறது' என்று மூன்று வரியில் என் வாழ்க்கை முடிந்துபோகிறது. டீச்சருக்கு அந்த மூன்று வரி போதும். மிச்சத்தைத் தமிழில் இந்த நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

பெயர் கோமதிநாயகம், வயது நாற்பது. சங்கரன்கோவிலில் மைக் செட் வைத்திருந்தவன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் நம்ம குழாய் ஸ்பீக்கர் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவனை ஆண்டவன் கொண்டுவந்து போட்டிருப்பது, மிக்சி போட்டால் கதவைத் தட்டும் தேசத்தில். மனைவி சண்முகவடிவு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வந்து ஒன்றரை வருடம், நான் வந்து மூன்று மாதம். ஊர் பெயர் நூர்ட்டிங்கன், ஸ்டுட்கார்ட் பக்கம்.

இன்று காலை சட்னிக்குத் தேங்காய் போட்டு மிக்சியை ஓடவிட்டேன். பதினைந்து விநாடி ஆகியிருக்காது, கதவு தட்டும் சத்தம். வீட்டுக்கார அம்மா, ஃப்ராவ் ஹெஃபெலே. ஃப்ராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு. அறுபத்தாறு வயது, கணவர் இல்லை, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். நாங்கள் உச்சியில் கூரைக்கு அடியில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறோம். நடுவில் இரண்டு தளம் இருந்தும் மிக்சி அவர் காதுக்குப் போயிருக்கிறது. என் தொழிலில்கூட இப்படி ஒரு மைக் என்னிடம் இருந்ததில்லை.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை," என்றார்.

"ஆமா, ஞாயித்துக்கிழமை," என்றேன்.

இரண்டு பேரும் சொன்னது சரியாக இருந்ததால் அவர் இறங்கிப் போய்விட்டார். ஞாயிறு இங்கே ஓய்வு நாள், சத்தமே வரக்கூடாது என்று வடிவு பிறகு சொன்னாள். சட்னி பாதி அரைபட்டு நின்றது. அப்படியே சாப்பிட்டோம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து வடிவின் அக்கா வீடியோ கால். எனக்குக் காலி பாட்டில்களைக் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்ததால் பேச முடியவில்லை. அங்கே போனால், பாட்டில் தொட்டியில் ஞாயிற்றுக்கிழமை எதுவும் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறது. பாட்டில் பையோடு ஆற்றோரமாக முக்கால் மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வகுப்பில் சொல்லித்தரும் ஜெர்மன் வேறு, இந்த ஊர்க்காரர்கள் பேசும் ஜெர்மன் வேறு. இங்கே எந்தச் சொல்லாக இருந்தாலும் கடைசியில் ஒரு 'லே' சேர்த்துவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு லே, ரொட்டிக்கு ஒரு லே, 'கொஞ்சம்' என்பதற்கும் ஒரு லே. வீட்டுக்கார அம்மாவின் பெயரிலேயே லே இருக்கிறது. முதல் தடவை பேக்கரியில் கேட்டபோது, யாரோ திருநெல்வேலிக்காரன் பின்னால் நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். அன்றிலிருந்து ஹெஃபெலே அம்மா பேசுவது என் காதில் நம்ம ஊர்ப் பேச்சாகவே விழுகிறது. இந்த நோட்டிலும் அவர் அப்படித்தான் பேசுவார்.

நவம்பர் 8, வெள்ளி

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அறை இருபத்திரண்டு சதுர மீட்டர். இரண்டு பேருக்கு இது போதும், மூன்று பேருக்குப் போதாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே ராஜபாளையத்தில் பெரியம்மை வீட்டில் இருக்கும் எங்கள் சின்னதுக்கு விசா வாங்க வேண்டுமானால் பெரிய வீட்டுக்கு ஒப்பந்தம் காட்ட வேண்டும். இந்த ஊரில் வாடகை வீடு கிடைப்பது திருச்செந்தூர் சஷ்டிக்கு ரூம் கிடைப்பதைவிடக் கஷ்டம். மூன்று மாதத்தில் முப்பத்தெட்டு வீட்டுக்கு எழுதிப் போட்டோம், பதில் வந்தது இரண்டு, இரண்டும் 'மன்னிக்கவும்'.

இப்போது இதே வீட்டில் இரண்டாம் தளம் டிசம்பர் கடைசியில் காலியாகிறது. மூன்று அறை. ஹெஃபெலே அம்மாவிடம் வடிவு கேட்டுவிட்டாள். குழந்தை இல்லாத பல் டாக்டர் தம்பதி ஒன்றும் கேட்டிருக்கிறார்களாம்.

"கிறிஸ்மஸுக்குள்ள சொல்லுதேன்," என்றாராம் அம்மா. "உங்க வீட்டுக்காரர் இன்னும் கேர்வோஹெ செஞ்சு நான் பாக்கல."

கேர்வோஹெ என்பது பெருக்கும் வாரம். வீட்டில் இருக்கும் நாலு குடித்தனமும் முறை வைத்து, வாரத்துக்கு ஒருவராக மாடிப்படி, நிலவறை, வாசல், நடைபாதை எல்லாம் கூட்ட வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். இதுவரை வடிவுதான் செய்தாள். இப்போது அவளுக்குக் காலை ஷிஃப்ட். டிசம்பர் முதல் வாரம் என் முறை.

ஒரு வீடு, ஒரு துடைப்பம். ஜமாய்த்துவிடலாம்.

நவம்பர் 14, வியாழன்

இன்று மூன்று டிகிரி. 'இதமான நாள்' என்றார் டீச்சர்.

நவம்பர் 16, சனி

படிக்கட்டில் ஹெஃபெலே அம்மாவைப் பார்த்தேன். சும்மா போகக்கூடாதே என்று, "ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க," என்றேன். நம்ம ஊரில் இதற்கு "வந்தாப் போச்சு" என்பது பதில். அத்தோடு இரண்டு பேரும் நிம்மதியாகப் போய்விடலாம். அந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு டயரியை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், "என்னைக்கு?" என்றார். அடுத்த சனிக்கிழமை மாலை ஆறு மணி என்று பேனாவால் எழுதிக்கொண்டார்.

வடிவிடம் சொன்னேன். "வீடு தேடிக்கிட்டு இருக்கயில ஆளையே கூப்பிட்டுட்டு வந்திருக்கிய. நல்லா வந்திருக்கிய," என்றாள். அது பாராட்டா ஏச்சா என்று இன்னும் தெரியவில்லை.

நவம்பர் 23, சனி

ஐந்து ஐம்பத்தேழுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவுவரை வந்து நின்றுவிட்டது. மூன்று நிமிடம் மூச்சுக் காற்று மட்டும். ஆறு அடித்ததும் தட்டினார்.

உள்ளே வந்த கையோடு, வெளியே ஒரு டிகிரி குளிரில், ஜன்னலை விரியத் திறந்தார். காற்று மாறவில்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். ஐந்து நிமிடம் மூன்று பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தோசை, சாம்பார், இந்தத் தடவை முழுசாக அரைபட்ட சட்னி. மூன்றாவது தோசையில் "போதும்" என்றார். நானும் வழக்கம்போல நாலாவதை வைத்தேன். நம்மிடம் முதல் 'போதும்' மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதுக்குத்தானே காது கொடுப்போம்? அந்த அம்மா தட்டில் விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர். இரண்டு வைராக்கியமும் மோதியதில் ஏழு தோசை உள்ளே போயிற்று. போகும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"ஏழுங்க," என்றாள் வடிவு. "வீட்டை நமக்குக் குடுக்க உசிரோட இருக்கணும்லா?"

நவம்பர் 24, ஞாயிறு

மத்தியானம் போன். நிலவறையில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் சைக்கிள் கிடையாது. பக்கத்து வீட்டுச் சைக்கிள், டயர் தளர்ந்த மாதிரி தெரிந்தது.

"வாரா வாரம் அதே நேரத்துக்கு உங்களுக்கு ஒரு சோலி வந்துருது," என்றாள் வடிவு. "அவ உங்களத்தான் கேக்கா."

டிசம்பர் 2, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் பலகை தொங்குகிறது. ஹெஃபெலே அம்மாவே வந்து விளக்கினார். மாடிப்படி வெள்ளிக்கிழமை, வாசலும் நடைபாதையும் சனிக்கிழமை காலை. மூலைகளை மறக்கக் கூடாது.

"நான் பின்னால வந்து சோதிக்க மாட்டேன்," என்றார். "சில வீட்டுக்காரங்க சோதிப்பாங்க. நான் அந்த ரகம் இல்ல. உங்கள நம்புதேன்."

நல்ல மனுஷி.

டிசம்பர் 7, சனி, காலை 7.15

வெற்றி! வடிவு ஐந்தரைக்கே ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். ஆறு மணிக்கு இறங்கினேன். மைனஸ் ஐந்து. மூக்கு இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இவர்கள் துடைப்பத்தில் நீளக் கம்பு இருக்கிறது, குனியத் தேவையில்லை. ஆனால் குனியாமல் கூட்டினால் கூட்டிய மாதிரியா இருக்கிறது? குனிந்தே கூட்டினேன். மூலை முடுக்கெல்லாம் விரல் விட்டுத் துடைத்தேன். வாசலிலிருந்து நடைபாதை முடியும் சாக்கடை மூடி வரைக்கும் ஓர் இலை கிடையாது.

இவர்கள் வறட்டுப் பெருக்கலாகப் பெருக்குகிறார்கள், தூசி எழும்பித் திரும்ப அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. நான் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் முறையாகத் தெளித்துவிட்டேன். தூசி அடங்கி, வாசல் பளபளவென்று மின்னுகிறது. தெருவிளக்கு அதில் தெரிகிறது. பல் டாக்டர் தண்ணீர் தெளிப்பாரா?

அதே நாள், பகல் 11

ஹெஃபெலே அம்மா வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார்.

எட்டு மணி இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சாக்கடை மூடிக்குப் பக்கத்து மூலையில் கிடந்தார். மூக்கில் படிக்கிற கண்ணாடி கோணலாகத் தொங்கியது. கத்தவில்லை. இந்த ஊரில் விழுந்தாலும் சத்தம் போடமாட்டார்கள் போலிருக்கிறது. ஓடினேன். நானும் இரண்டு தடவை விழப்போனேன். தூக்கி உட்காரவைத்து, என் கோட்டைப் போர்த்தி, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வந்தவர்களிடம், "பேப்பர் எடுக்க வந்தேன்," என்றார். பேப்பர் பெட்டி கதவை ஒட்டி இருக்கிறது. வலியில் வழி தவறியிருப்பார்.

குளிர்காலம். இந்த நாட்டில் தரை உறைவது சகஜம். பெரியவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வண்டி போனதும், கதவுப் பக்கத்தில் மூடியிருந்த பெட்டியைத் திறந்தேன். உள்ளே பொடிக்கல். எதற்கு என்று இன்று தெரிந்தது. வாசல் முழுக்கத் தூவினேன். வாளியை நிலவறையில் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. வடிவு வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பாவம்ங்க. தெருவுல வேற எங்கயும் ஐஸ் இல்ல. நம்ம வாசல்ல மட்டும் எங்கருந்துதான் வந்துச்சோ."

"குளிரு," என்றேன்.

போன் வந்தது. பாட்டில்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டிசம்பர் 11, புதன்

அம்மா திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார். ஒற்றைக் கையால் ரொட்டி வெட்ட முடியவில்லை, ஜாடி திறக்க முடியவில்லை, ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. காலையில் நான் போய் ரொட்டி வெட்டித் தருகிறேன், மத்தியானம் குப்பையைப் பிரித்துப் போடுகிறேன், மாலையில் ரசம். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கைச் சிந்தி, "வழி திறந்துட்டு," என்றார். இப்போது மணி ஐந்தானால் கிண்ணத்தோடு தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

லேஸ் கட்டிவிடும்போது, "நீங்க நல்ல மனுஷன், ஹெர் நாயகம்," என்றார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துபோயிற்று.

முதல் தளத்து வாத்தியார் தம்பதி என்னைப் படியில் நிறுத்திக் கைகுலுக்கி, வீட்டில் செய்த கிறிஸ்மஸ் பிஸ்கட் ஒரு டப்பா கொடுத்தார்கள். அம்மாவை நான் கவனித்துக்கொள்வதற்காகவாம். வடிவு அதில் பாதியைத் தின்றுவிட்டாள். எனக்கு ஏலக்காய் வாசனை பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 14, சனி

வீடு எங்களுக்கு! அம்மா இன்று கூப்பிட்டுச் சொன்னார். பல் டாக்டருக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஒப்பந்தத்தை அச்சடித்து மேஜைமேல் வைத்திருந்தார். பேனாவை எடுக்கக் கையை நீட்டினார். கட்டுப் போட்ட கை. மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"ஆறு வாரம்," என்றார்.

சென்னையில் சின்னதுக்கு விசா நாள் ஜனவரி ஏழு. அதைத் தவறவிட்டால் அடுத்தது ஏப்ரலோ மே மாதமோ. இடது கையால் போட்டால் என்ன என்று வடிவு கேட்டாள். "கையெழுத்துன்னா என் கையெழுத்தா இருக்கணும். இடது கையில வாரது யார் கையெழுத்தோ," என்றார் அம்மா. யோசித்து வழி சொல்வதாகச் சொன்னார்.

இருந்தாலும் வடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேசரி கிண்டினாள். சர்க்கரை ஜாஸ்தி. ஒரு வாய்க்குமேல் போகவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

தண்ணீர் உறையும் என்று எனக்குத் தெரியாதா? ஏழாம் வகுப்பில் படித்திருக்கிறேன். பூஜ்யம் டிகிரியில் உறையும், ஐந்து மதிப்பெண் வினா. ஆனால் அது பரீட்சையில் உறைகிற தண்ணீர். வாளியில் இருக்கிற தண்ணீர் வாசலில் தெளிப்பதற்கு. எங்கள் அம்மா தெளித்தாள், வடிவு தெளித்தாள், மார்கழிக் குளிரிலும் தெளித்தார்கள், யாரும் விழுந்ததில்லை.

நான்தான் தெளித்தேன். இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன்.

சொன்னால் வீடு போகும். வீடு போனால் சின்னது வராது. சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. கை எப்படியும் ஆறு வாரத்தில் கூடிவிடும்.

போன் நேரத்தில் பாட்டில் இல்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மாலை ரசத்தோடு போனேன். அம்மா வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்திருந்தார். "எனக்கு ஒரு கடிதம் எழுதணும். கை ஓடல. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. உங்க ஜெர்மனுக்கும் நல்லது."

யாருக்கு என்று கேட்டேன். கூரை வேலை பார்க்கும் ஒருவருக்காம். இருபது வருடமாக அவர்தான் இந்த வீட்டுக்கு வேலை செய்கிறார். அக்டோபரில் மழைநீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன்," என்றார் அம்மா. "மழையும் இல்ல, பனியும் பெய்யல. தெரு முழுக்கக் காய்ஞ்சு கிடக்கு. நம்ம வாசல்ல மட்டும் தண்ணி எப்படி வரும்? அந்தக் குழாய்தான் ஒழுகியிருக்கு. இருவது வருசமா நம்புன ஆளு. இனி இந்த வீட்டுக்கு வர வேண்டாம்னு எழுதுங்க."

நான் உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் எழுதினேன். 'உங்கள் வேலையின் குறையால்' என்று அம்மா சொன்னார். கேட்டது. கை எழுதவில்லை. ரசம் ஆறுகிறதே என்றேன். "ஆறட்டும், எழுதுங்க," என்றார். முகம் தெரியாத அந்த மனுஷன் எங்கேயோ ஒரு கூரையில் ஏணி வைத்து ஏறிக்கொண்டிருப்பான். எனக்கும் தொழில் இருந்தது. யாரோ ஒயரை மிதித்து அறுத்துவிட்டு, செட்டுக்காரன் சரியில்லை என்று சொன்ன ஊரும் உண்டு. அந்த ஊருக்கு அப்புறம் என்னை யாரும் கூப்பிடவில்லை.

பேனாவை ஓடவிட்டேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

'நான் எழுந்தேன். நான் பெருக்கினேன். நான் தண்ணீர் தெளித்தேன்.'

தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். மறுபடி வாசித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

"எவ்வளவு?" என்றார்.

"ஒரு வாளி. பத்து லிட்டர்."

"எதுக்கு?"

"தூசி அடங்க. எங்க ஊர்ல வாசல் தெளிக்கணும்."

"டிசம்பர்லயுமா?"

"டிசம்பர்லதான் விசேஷமா."

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரசக் கிண்ணத்தைப் பார்த்தார். வீடு போயிற்று என்று நினைத்தேன். வடிவு முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன்.

"நான் பேப்பர் எடுக்க வரல," என்றார் மெதுவாக.

எனக்குப் புரியவில்லை.

"சோதிக்க மாட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்லா? எனக்கு நிலை கொள்ளல. அந்தச் சாக்கடை மூலைய யாரும் கூட்டுனதே கிடையாது, முப்பது வருசமா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, நீங்க கூட்டியிருக்கியளான்னு பாக்க வந்தேன். வெறுஞ் செருப்போட. வாக்குத் தவறி வந்தவ விழுந்துட்டேன். அத யார்கிட்டச் சொல்ல? அதான் பேப்பர்னு சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மூலை சுத்தமா இருந்துச்சு," என்றார். "கீழ கிடக்கயில பக்கத்துல பாத்தேன். ரொம்பச் சுத்தம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அதற்குள் அவருக்கும் வந்துவிட்டது. வலிக்கிறது என்று கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. வாத்தியார் தம்பதிக்குக் கேட்டிருக்கும், இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கூடாது.

நம்ம ஊராக இருந்தால் இந்த இடத்தில் காலில் விழுவோம், அவர்கள் தூக்கிவிடுவார்கள், விஷயம் முடிந்தது. நானும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பொறுப்பு இன்சூரன்ஸ் இருக்குல்லா?" என்று கேட்டார். நம்மால் அடுத்தவருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டுகிற இன்சூரன்ஸ் அது. வடிவு எடுத்து வைத்திருக்கிறாள் என்றேன். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் நானே என் கையால் 'தண்ணீர்' என்று எழுதினேன். அளவு என்ற இடத்தில் பத்து லிட்டர். மன்னிப்பு இங்கே மூன்று பிரதியாகக் கிடைக்கிறது.

மேலே போய் வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"பத்து நாளா என்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கியள."

"பயமா இருந்துச்சு, வடிவு."

"அதான் ரசத்துக்கு அம்புட்டு மிளகு காலியாச்சா," என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

டிசம்பர் 18, புதன்

அம்மா ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறார். 'நவம்பர் முதல் மார்ச் வரை குடியிருப்பவர் வாசலில் தண்ணீர் தெளிக்கக் கூடாது.' மற்ற விதிகளோடு அதுவும் வரிசை எண்ணோடு இருக்கிறது.

கிழிக்கப்பட்ட கடிதம் குப்பையில், காகிதத்துக்கான தொட்டியில்.

டிசம்பர் 20, வெள்ளி

கையெழுத்துக்கு அம்மாவே வழி கண்டுபிடித்துவிட்டார். நகராட்சி அலுவலகத்தில் அதிகாரி முன்னால் இடது கையால் போட்டு, இது இவர் போட்டதுதான் என்று முத்திரை வாங்கினால் செல்லுமாம்.

காலையில் மூவரும் கிளம்பினோம். ராத்திரி பனி விழுந்திருந்தது. தெருவெல்லாம் பொடிக்கல். அம்மா இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நான் தாங்குவதாக முதலில் நினைத்தேன். இரண்டு இடத்தில் நான்தான் வழுக்கினேன், அவர்தான் தாங்கினார். கால்மணி நேர வழியை முக்கால் மணி நேரம் நடந்தோம்.

அதிகாரி இளம் வயதுப் பெண். கட்டைப் பார்த்து, "என்னாச்சு?" என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்து நின்று, "கேர்வோஹெ," என்றார்.

அந்தப் பெண் தலையை ஆட்டினார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. போருக்குப் போய்வந்தவர்களிடம் இப்படித்தான் கேட்காமல் விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மா நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஹெஃபெலே என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். கடைசி எழுத்து மேஜைப் பக்கம் சரிந்துவிட்டது. முத்திரை விழுந்தது. வடிவு அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். இந்த ஊரில் கட்டிப்பிடிப்பதற்கும் நேரம் குறித்துத்தான் வர வேண்டும். அம்மா அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மத்தியானமே கூரியரில் அனுப்பியாயிற்று.

டிசம்பர் 22, ஞாயிறு

இந்த நோட்டில் இத்தனை நாளாக 'சின்னது, சின்னது' என்றே எழுதியிருக்கிறேன். அவள் பெயர் இசைவாணி. மைக் செட்டுக்காரன் பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பான்? ஆறு வயது ஆகிறது. பெயரை எழுதினால் அவள் வந்து முன்னால் நிற்பாள் என்று எழுதவில்லை.

ஆகஸ்டில் நான் கிளம்பிய அன்று, அவள் அழுதால் என்னால் படி இறங்க முடியாது என்று தெரியும். "அப்பா கடைக்குப் போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். சரி என்று கையை ஆட்டினாள். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் நான். வடிவின் போனில் அவள் முகம் வரும்போதெல்லாம், "கடையிலேருந்து ஏன் இன்னும் வரல?" என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். பாட்டிலும் சைக்கிளும் அதற்குத்தான்.

இன்று இரண்டு மணிக்குப் போன் அடித்தது. நான் எடுத்தேன். வடிவு அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

திரையில் வாணி. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

"யப்பா!" என்றாள்.

"வாணி, புது வீடு கிடைச்சிருக்கு. நீ இங்க வரப்போற, தாயி."

"பெரியம்மை சொல்லிச்சு."

"தாயி, அப்பா அன்னைக்கு உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன். அப்பா கடைக்குப் போகல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவ்ளோ பெரிய பெட்டியத் தூக்கிக்கிட்டு யாராவது கடைக்குப் போவாவளா?"

"அப்பமே தெரியுமா? பெறவு ஏன்ட்டி ஒண்ணும் கேக்காம இருந்த?"

விழுந்த பல் இருந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க அழுதுருவிய போல இருந்துச்சுப்பா. அதான் நான் டாட்டா காட்டுனேன்."